உள்ளறை டெலிபோன்

"பதினோரு மணிக்கு இன்டர்வியூ! இன்னைக்கும் நெட் அறுந்தா அந்த வேலையை மறந்துட வேண்டியதுதான்" என்று எதிர்வீட்டுப் பெண் கத்துகிறாள். "மெதுவாப் பேசுடி, தெருவே பார்க்குது" என்கிறாள் அம்மாக்காரி. தெரு எங்கே பார்க்கிறது? கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நான்தான் கூடத்தில் நிற்கிறேன். மோடத்தின் பச்சை விளக்கு அணைகிறது, எரிகிறது, மறுபடி அணைகிறது. நெட்டைச் சரிபண்ண வந்த டெலிபோன் லைன்மேன் சுவரோரமாக ஒயரைத் தடவிக்கொண்டே போய் உள்ளறைத் திரையை விலக்குகிறார். கட்டிலில் அப்பாக்காரர், காதில் பழைய ரிசீவர். "சார், நீங்க இதை எடுக்கிறப்பல்லாம்தான் நெட் போகுது. போனையும் நெட்டையும் பிரிக்கிற ஃபில்டரே இதுக்குப் போடலை. யார்கிட்ட பேசறீங்க?" "யார்கிட்டயும் இல்லப்பா. டயல் டோன் வருதான்னு பார்த்தேன். பெரியவனுக்கு இந்த நம்பர் மட்டும்தான் தெரியும்." மூத்த மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம். லைன்மேன் தீப்பெட்டி அளவு ஃபில்டர் ஒன்றை அந்த ஒயரில் மாட்டுகிறார். மகள் ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "வருதுப்பா" என்கிறாள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. வேலைக்குப் போன ஊரிலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். குழந்தை பிறந்ததும் அம்மாக்காரியும் அங்கேயே போய்விட்டாள். எத்தனை கூப்பிட்டும் அப்பாக்காரர் மட்டும் வீட்டைக் காலி பண்ண மாட்டேன் என்கிறார்.