இருநூறு ஆட்சேபணைகள்

உலகத்தோர் அனைவருக்கும் இதனால் பறைசாற்றுவது யாதெனில்: இருபது மாடி உயரத்தில் கம்பியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கும் லிப்ட் மெக்கானிக் ஒருவருக்கு, இன்று மாலை நாலு மணிக்கு, தரைத்தளத்தில், நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்த நிலையில், முழங்கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின.

காரணம், எதிர் அலமாரியில் இருந்த தலையணை தடிமன் புத்தகம். 'இஸ்லாம்: எனது இருநூறு ஆட்சேபணைகள்.' அதன் அட்டையில் முறைத்துக்கொண்டிருந்த அதே அம்மாள்தான் மேசைக்கு அந்தப் பக்கமும் முறைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியை. மாடி வீட்டின் சொந்தக்காரி.

வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டையைப் பார்த்து, தெரியாத்தனமாக நுழைந்துவிட்டார் மெக்கானிக்.

தெருவில் வாடகை வண்டி நின்றது. அதில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மனைவியும் மகளும். பழைய வீட்டை இடிக்கக் காலையிலேயே கடப்பாரையோடு ஆள் வந்தாயிற்று.

இதற்குமுன் ஐந்து வீடு பார்த்தார். பெயரைக் கேட்டதும் ஐந்து வீட்டுக்காரர்களும் அவரது இஸ்லாம் மதத்தை வாயாரப் புகழ்ந்தார்கள். ஒருவர் கண்கூடக் கலங்கினார். புகழ்ந்து முடித்த கையோடு, வெளியூரிலிருந்து மச்சான் குடிவரப்போவது ஐந்து பேருக்குமே ஞாபகம் வந்துவிட்டது.

புகழ்ந்தவர்களே இந்த லட்சணம் என்றால், இந்த அம்மாள்?

"முழுப் பேரு?"

சொன்னார். அம்மாள் எழுதிக்கொண்டார்.

"அப்பா பேரு? என்ன வேலை? வீட்ல எத்தனை பேரு?"

அதையும் எழுதிக்கொண்டார். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் தன்னை இருநூற்று ஒன்றாவதாகச் சேர்க்கப்போகிறார் என்றே மெக்கானிக் முடிவுகட்டினார்.

"சொத்துல மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இது நியாயமா?"

"குடும்பத்தைக் காப்பாத்துற பொறுப்பு ஆம்பளைக்குத்தானேங்கம்மா..."

"உங்க வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?"

"நர்ஸுங்க. என்னைவிடச் சம்பளம் ஜாஸ்தி."

"அப்புறம் என்ன பொறுப்பு, வெங்காயம்?" பேனாவால் மேசையைத் தட்டினார். "வாயில்லாப் பூச்சி மாதிரி முழிக்காதீங்க. நான் சொல்றதை ஒத்துக்கறீங்களா, இல்லையா?"

வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. வண்டியில் மகள் இருமுவது கேட்டது. ஒரு தலையாட்டு ஆட்டினால் தீர்ந்தது. தலைக்கென்ன, ஆட்டுவதற்குத்தானே இருக்கிறது? ஆனால் தொண்டைவரை ஏறிவந்த 'ஆமாம்', இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிப்ட் மாதிரி அங்கேயே நின்றுவிட்டது.

"இல்லீங்கம்மா." குரல் அவருக்கே கேட்கவில்லை. "உங்களுக்குப் பதில் சொல்ற அளவுக்கு நான் படிச்சதில்ல. ஆனா ஒத்துக்க முடியலீங்க."

மேசையைத் தட்டிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"சைபர் மார்க்," என்றார் அம்மாள். "என் புத்தகத்துல ஒரு வரியைக்கூட நான் வாபஸ் வாங்கறதா இல்ல."

மெக்கானிக் எழுந்தார். மனைவியிடம் என்ன சொல்வது? ஆறாவது மச்சான் எந்த ஊரிலிருந்து வருகிறான் என்றுகூடக் கேட்காமல் கதவுவரை போய்விட்டார்.

"எங்க ஓடறீங்க? நான் இன்னும் முடிக்கல."

திரும்பினார். அம்மாள் எழுதிய தாளை அவர் பக்கமாகத் திருப்பி, அதன்மேல் ஒரு சாவியை வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்க. தண்ணி காலைல ஆறு மணிக்குத்தான் வரும்."