பக்கத்து வீட்டுக்காரர்

"பிள்ளை இல்லைன்னு மட்டும் சொல்லும்மா" என்று தயாளன் தன் அம்மா செண்பகவல்லிக்குப் பேருந்திலேயே மூன்று முறை சொல்லிக்கொடுத்திருந்தான். அரசு முதியோர் இல்லத்தின் கண்காணிப்பாளர் படிவத்தை எடுத்தார். "இது ஜனங்க வரிப்பணம்மா. பெத்த பிள்ளைங்க இருக்கிறவங்களுக்கு இங்க இடம் கிடையாது. உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?" செண்பகவல்லி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு பையன் இருந்தான். செத்துட்டான்." தயாளன் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "அடடா, எப்படிம்மா?" "காய்ச்சல். மூணு நாள் மடியிலயே வச்சிருந்தேன்" என்றவள் நிஜமாகவே அழுதாள். கண்காணிப்பாளர் தண்ணீர் கொடுத்துவிட்டு அவனிடம் கேட்டார். "நீங்க யாரு?" "பக்கத்து வீடு மேடம்." "அப்ப, பையன் இறந்தது உண்மைதான்னு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க." அவன் அப்பா பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டு, பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டான். படிவத்தில் முத்திரை விழுந்தது. வாசலில் அவனிடமிருந்து துணிப்பையை வாங்கிக்கொண்ட செண்பகவல்லி, கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருக்க, "ரொம்ப உதவி பண்ணீங்க தம்பி, பத்திரமா போங்க" என்று சொல்லி அவனைக் கைகூப்பிக் கும்பிட்டாள்.