லேப்டாப்புக்குப் பின்னால்

“அங்குட்டுத் தள்ளி உக்காரு. கை கேமராவுல தெரியுது” என்றான் பாண்டியராஜன்.

சத்தியப்பிரியா நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். மடியில் ஒரு நோட்டு, கையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா. எதிரே லேப்டாப்பின் முதுகும், அதற்கு மேலே கணவனின் முகமும்.

மதுரை சாஃப்ட்வேர் கம்பெனி வேலைக்கு இருவரும் சேர்ந்துதான் காரைக்குடிக்குப் போய்த் தேர்வு எழுதினார்கள். “எனக்கு வந்திருச்சு, உனக்கு வரலை” என்று இருவரின் மெயிலையும் பார்த்து அவன்தான் சொன்னான்.

எந்தக் கேள்வியில் சறுக்கினோம் என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, ஒருவருக்காவது கிடைக்கட்டும் என்று தேற்றிக்கொண்டாள்.

நேர்காணல் செய்தது ஒரு பெண். குரல் மட்டும் கேட்டது.

ஸ்டாக்குக்கும் க்யூவுக்கும் என்ன வித்தியாசம்?

அவன் விழித்தான். அவள் எழுதித் தூக்கிக் காட்டினாள். ஸ்டாக், அடுக்கி வைத்த தட்டு, கடைசியில் வைத்ததுதான் முதலில் வரும். க்யூ, ரேஷன் கடை வரிசை.

அவன் வாசித்தான்.

ரிகர்ஷன் என்றால்?

தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷன். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் நிற்கவே நிற்காது.

“ரொம்பத் தெளிவா சொல்றீங்க” என்றது குரல். அவளுக்குக் காது சூடானது. கல்லூரியை விட்டு வந்து ஆறு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

அரை மணி நேரம் போனது. ஒரு பதிலும் தவறவில்லை.

“கடைசியா ஒண்ணு. உங்க ஊர் கண்டரமாணிக்கத்துல இருந்தே சத்தியப்பிரியானு ஒருத்தங்க எழுதினாங்க. அவங்கதான் முதல் மார்க். கூப்பிட்டோம். குடும்பத்தைப் பாத்துக்கணும், வர முடியாதுன்னு மெயில் போட்டுட்டாங்க. அவங்களைத் தெரியுமா உங்களுக்கு?”

பாண்டியராஜன் அவள் பக்கம் பார்க்காமல் திரையையே பார்த்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த மெயிலைப் போட்டது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே திருப்பத்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் கண்கள் பழக்கத்தில் நோட்டின் பக்கம் வந்தன.

அவள் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். ஒரே சொல். பக்கம் நிறைய, பெரிதாக எழுதினாள்.

தெரியாது.

அவன் அதையும் அப்படியே வாசித்தான்.