பதினோரு மணிப் புகை

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் யாரோ சூளையில டயர் எரிக்காங்க. செயற்கைக்கோள் பார்த்துட்டுது" என்றாள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் ரூபி.

குத்துக்கல்வலசையில் செங்கல் சூளை வைத்திருந்த நல்லதம்பிக்கு வியர்த்தது. பிடிபட்டால் சூளைக்குச் சீல்தான்.

"யாருன்னு தெரிஞ்சிட்டா தாயி?"

"அது தெரியாது. பூமியில பட்டுத் திரும்புத வெளிச்சத்தை வச்சுத்தான் அது புகையைக் கண்டுபிடிக்குது. நாலு கிலோமீட்டர் இடமும் அதுக்கு ஒரே புள்ளி. அந்தப் புள்ளிக்குள்ள ஏழு சூளை இருக்கு. தினமும் பதினோரு மணிக்கு வந்து ஒரே ஒரு படம் எடுத்துட்டுப் போயிரும்."

நல்லதம்பிக்கு உயிர் வந்தது. மறுநாளிலிருந்து பத்தரை மணிக்கே, "ஏலே, டயரை நிறுத்திட்டு விறகைப் போடு!" என்று சத்தம் போட்டார். பன்னிரண்டுக்கு மறுபடியும் டயர். பக்கத்து ஊரான மேலகரத்துக்கு மேலே புதிதாக நின்ற வெள்ளை பலூனைப் பார்த்து, ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் ரூபி சீலோடு வந்தாள்.

"ஏம்மா, பதினோரு மணிக்கு என் சூளையில டயர் எரிஞ்சுதா?"

"இல்ல அண்ணாச்சி. அந்தா நிக்க பலூன்ல எங்க மீட்டர் தொங்குது. நிமிசத்துக்கு நிமிசம் காத்துல இருக்க கரியை அளக்குது. தினமும் பதினோரு மணிக்குத்தான் கரி குறையுது."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஏழு பேரும்தான நிறுத்தியிருப்போம்?"

"செயற்கைக்கோள் வாரது ஒண்ணரை மணிக்கு அண்ணாச்சி. நான்தான் ஏழு சூளைக்கும் ஏழு நேரம் சொல்லிவச்சேன். பதினோரு மணின்னு உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."