முகம் பார்க்கும் தொட்டி

“பசுவுக்குச் சர்க்கரை வருமா டாக்டர்?” என்று கௌசல்யா கேட்டதும், வேடசந்தூர் மாட்டு டாக்டர் சிரித்துவிட்டார்.

“ஏன்மா?”

“தண்ணித் தொட்டிக்குக் கேமரா வச்ச கதவு போட்டிருக்கேன். என் செவலை மூஞ்சியப் பாத்தாத்தேன் தொறக்கும். அது எந்நேரமும் தண்ணி குடிக்கிதுன்னு போன்ல வந்துக்கிட்டே இருக்கு.”

“மாடு நல்லாத்தான் இருக்கு. தொட்டியப் போய்ப் பாருங்க.”

ஓரகத்தி பொன்னழகின் ஆடுகளை விரட்டத்தான் அந்தக் கதவு என்பதை அவள் சொல்லவில்லை. இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருடம். இந்தக் கோடையில் பொன்னழகின் கிணறும் வற்றிவிட்டது.

மதியம் கௌசல்யா வைக்கோல் படப்புக்குப் பின்னால் பதுங்கினாள். சொந்தத் தோட்டத்தில் திருடி போல உட்கார்ந்திருப்பது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. ஆடுகளோடு வந்த பொன்னழகு, கேமராவுக்கு நேரே தன் செல்போனை நீட்டினாள். கதவு திறந்தது. ஆடுகள் முண்டியடித்துக் குடித்தன.

“என்னத்தடி காட்டுன?” கௌசல்யா எழுந்து கத்தினாள்.

“நீ ஸ்டேட்டஸ்ல வச்ச செவலை படந்தேன்க்கா.”

கௌசல்யாவுக்குக் கோபம் மறந்துபோயிற்று. பட்டுப்புடவை, பழனி தரிசனம், பசுமாடு என்று ஒரு வருடமாக அவள் ஸ்டேட்டஸ் வைத்ததே இவள் பார்க்கத்தான்.

“பாத்தவங்கள்ல உன் பேரு வந்ததே இல்லையேடி!”

“நான் பாத்தது தெரியாத மாதிரி போன்ல மறைச்சு வச்சிருக்கேன்க்கா.”

“தெனமும் பாக்குறியா?”

“பாக்காட்டி ஆடு எப்புடிக் குடிக்கும்?”

அன்று சாயங்காலம் கௌசல்யா கதவைக் கழற்றப் போனாள். கழற்றிவிட்டால் அப்புறம் பொன்னழகு எதற்கு ஸ்டேட்டஸ் பார்ப்பாள் என்று தோன்றியது. செவலையின் கொம்பைப் பிடித்து நிறுத்தி, முகம் முழுதாகத் தெரியும்படி புதிதாக ஒரு படம் எடுத்தாள்.