ஒன்பது வீட்டுக் காதல் கடிதம்

"கையைத் தூக்குங்க. எல்லாரும். மேஜையில ஒரு விரல்கூட இருக்கக் கூடாது!"

மூன்று ஜோடிக் கைகள் மேலே போயின. சன்னலுக்கு வெளியே போன தபால்காரர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்திருப்பார், பாவம்.

கொள்ளை ஒன்றும் இல்லை. குளிர்நாட்டு நகரமான தம்பெரேயின் ஒரு குடியிருப்புச் சங்க அலுவலகம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அடுத்த வாரம் யாருக்கு எப்போது சவுனா என்கிற பொது நீராவிக் குளியலறையில் முறை என்று நூற்று நாற்பது வீடுகளுக்கும் கணினி தானாகவே மின்னஞ்சல் அனுப்பும்.

நிரல் பழையது. ஒவ்வொரு கடிதமாகத் திறந்து, ஆள் தட்டுவதைப் போலவே எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பும். நடுவில் யாராவது விசையைத் தொட்டுவிட்டால், அதுவும் கடிதத்தோடு போய்ச் சேர்ந்துவிடும்.

போன வெள்ளி அப்படித்தான் ஆயிற்று. "உங்கள் முறை ஏழு மணி என் துணுக்கே" என்று ஒரு வீட்டுக்கு. "உங்கள் முறை எட்டு மணி நீ இல்லாம" என்று அடுத்த வீட்டுக்கு. இப்படி ஒன்பது வீடு.

ஒன்பது வீட்டாரும் முறை மாறும்போது சவுனா வாசலில் வியர்க்க வியர்க்க நின்று, கடிதத் துண்டுகளை ஒட்டிப் படித்துவிட்டார்கள். "என் துணுக்கே, நீ இல்லாம கட்டில் குளிருது, காபி கசக்குது, திரும்பி வந்துடு." காதலியை ரொட்டித் துணுக்கே என்று கொஞ்சுகிற ஊர்தான். ஆனாலும் சவுனா அறிவிப்பில் இதுவரை யாரும் கொஞ்சியதில்லை. கீழ்த்தளத்துப் பெரியவர் ஒருவர், "வரத் தயார், எந்த வீடு?" என்று பதில்கூடப் போட்டிருந்தார்.

மேலாளர் ராய்மோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சந்தேகமெல்லாம் மார்கெட்டா மேல். நிரலைத் தொடங்கும் பட்டன் அந்த அம்மாள் மேஜையில்தான் இருந்தது. கணவர் இறந்து நாலு வருடம். இப்போது புதிதாக உதட்டுச் சாயம் வேறு.

பிப்ரவரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மணியில் சவுனா முறை போட்டதற்கு மார்கெட்டாவுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் உண்டு. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம்.

"நான் தொடலை ராய்மோ. சத்தியமா தொடலை."

"இன்னைக்குத் தெரிஞ்சிடும். எஸ்கோ, பூட்டு ரெடியா?"

எஸ்கோ சேர்ந்து மூன்று வாரமான நிரலாளர். "ரெடி. பட்டனை அமுக்கினதும், நிரல் ஓடுற கம்ப்யூட்டர்ல கீபோர்டு, மவுஸ் எதுவும் பத்து நிமிஷம் வேலை செய்யாது. கையைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை."

"இருக்கட்டும், தூக்கு. பூட்டு போட்டும் கண்டது கலந்து போச்சுன்னா நிரல்ல கோளாறு. சுத்தமாப் போச்சுன்னா..." ராய்மோ மார்கெட்டாவைப் பார்த்தார். "போன வாரம் விரல்ல கோளாறு."

"மெயில் போறதுக்குள்ள ரெண்டாவது எச்சரிக்கைக் கடிதத்தை அடிச்சுக் கொண்டு வரேன்" என்று தன் அறைக்குத் திரும்பினார். அக்டோபர் ஆகியும் மனைவியும் இஸ்திரிப் பெட்டியும் கோடைக்குடிலில்தான் இருக்கிறார்கள் என்பார். சட்டை கசங்கிக் கிடந்தது. வாசலில் நின்றார். "அப்புறம் எஸ்கோ, வெள்ளிக்கிழமை மூணு மணியானா என் ஸ்கிரீன் கண்ணைச் சிமிட்டுது. அதையும் பாரு. பெரிய மெஷினு வேணும்னு ஏப்ரல்லதான் மார்கெட்டாவோட மெஷினை என் ரூமுக்கு மாத்திக்கிட்டேன், அதுக்குள்ள இப்படி."

"அப்புறம் பார்க்கறேன்" என்றான் எஸ்கோ, தூக்கிய கையோடு.

கதவு சாத்திக்கொண்டது. மார்கெட்டா பட்டனை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கினார். திரையில் எண் ஓடியது: ஒன்று, இரண்டு, மூன்று.

பக்கத்து மேஜை சிர்ப்பா குனிந்து கிசுகிசுத்தார். "என்கிட்ட மட்டும் சொல்லு. யாரு அந்தத் துணுக்கு?"

"ஒரு துணுக்கும் இல்லைடி."

"அப்போ அந்த உதட்டுச் சாயம்?"

"தள்ளுபடியில வாங்கினேன்."

"தள்ளுபடியில ஆளும் கிடைச்சிருப்பான்."

நூற்று நாற்பது வந்தது. எண் நின்றது. எஸ்கோ கையை இறக்கி, போன கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கொஞ்சல் இல்லை, குளிர் இல்லை, காபி இல்லை. வெறும் சவுனா மணி மட்டும்.

"சுத்தம்" என்றான். நல்ல செய்தி சொல்கிற குரலில் சொல்லவில்லை.

சிர்ப்பா நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "விரல்தானா மார்கெட்டா?"

மார்கெட்டா எழுந்தார். தன் காபிக் கோப்பையைக் கழுவித் துடைத்தார். அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். பதினெட்டு வருடமாக அந்த மேஜையைவிட்டு நகராத கோப்பை.

ராய்மோவின் அறைக் கதவு படாரென்று திறந்தது. முகம் சிவந்திருந்தது. கையில் கடிதம் இல்லை.

"எங்க, ஒரு வரி அடிக்க முடிஞ்சுதா? பத்து நிமிஷமா என் கீபோர்டு செத்துக் கிடக்கு!"