தனலட்சுமியின் தோளில் வந்த அம்மன்

கப்பல் வியாழக்கிழமை. தனலட்சுமியின் இடது தோளில் அம்மன் வந்து உட்கார்ந்தது திங்கட்கிழமை.

அம்மன் என்று சொன்னது அம்மா சிவகாமி. தனலட்சுமியைக் கேட்டால், கப்பலேறுகிறவர்களுக்குப் போர்ட் லூயிஸில் கட்டாயமாக அம்மை குத்துகிறார்கள், குத்திய இடம் பழுத்திருக்கிறது, கூடவே கொஞ்சம் காய்ச்சல், அவ்வளவுதான் என்பாள்.

அவளை யார் கேட்டார்கள்?

மறுநாள் விடிந்தபோது வாசலில் வேப்பிலை தொங்கியது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. பாயில் கிடந்தவள் தலை சீவக்கூடத் தடை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பிவைக்கும்வரை வீட்டைவிட்டு யாரும் கிளம்பக் கூடாது. 'போய் வருகிறேன்' என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. முதல் தண்ணீருக்கே வெள்ளிக்கிழமை ஆகிவிடும் என்றாள் சிவகாமி.

தனலட்சுமி தபால் வழியாக லண்டன் சட்டப் படிப்புப் படிக்கிறவள். ஜெனீவாவில் அகதிகளுக்கு உதவும் ஒரு சங்கம் ஆறு மாதப் பயிற்சிக்கு அவளை எடுத்திருந்தது. இந்தக் கப்பலை விட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அகதிகளுக்காக உலக நாடுகள் கையெழுத்துப் போட்டுக்கொண்ட உடன்படிக்கைகளை அவள் வரிவிடாமல் மனப்பாடம் செய்திருந்தாள். எந்த நாட்டு எல்லையில் என்ன பேசி ஆளைத் தாண்ட வைக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். சுரினாம் கிராமத்தில் சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட அதில் ஒரு ஷரத்தும் இல்லை.

அந்த வீட்டில் சண்டை தீவுப் பேச்சான கிரியோலில்தான் நடக்கும். அம்மன் பேச்சு வந்தால் மட்டும் சிவகாமி தமிழுக்கு மாறிவிடுவாள். தமிழில் சொல்லிவிட்டால் எதிர்வாதம் கிடையாது என்பது அவள் எண்ணம்.

அம்மை குத்தியதற்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்த அட்டையை மகள் எடுத்து நீட்டினாள்.

"ஆத்தா என்ன, அட்டையப் பாத்துட்டா வரா?" என்றாள் சிவகாமி. இந்தத் தீவுக்கே அடுத்த வருஷம்தான் சுதந்திரமாம், உனக்கு மட்டும் அப்படியென்ன அவசரம் என்று கிரியோலில் ஒரு கேள்வியும் கேட்டுவைத்தாள்.

துறைமுகத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தவர் மாமா நாகலிங்கம், சூயாக்கில் கடை வைத்திருப்பவர். பெட்டியை ஏற்றிக்கொள்ள வந்தவர் வாசலைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், காரை விட்டு இறங்கவே இல்லை. சிவகாமி தன் வாயால் சொல்லாமல் இந்தப் பெண்ணை ஏற்றமாட்டேன் என்று தெருவிலிருந்தே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சிவகாமி கல்நெஞ்சக்காரி இல்லை. மூத்த மகள் நர்ஸ் படிப்புக்கு என்று இங்கிலாந்து போனாள். படித்து முடித்ததும் வந்துவிடுவேன் என்றுதான் அவளும் சொன்னாள். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைப்பேறு என்று ஆகிவிட்டது. பேரனைச் சிவகாமி போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். கணவரும் இல்லை. இளையவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் யாரோடு பேசுவாள்?

தனலட்சுமிக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் அம்மாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு நடக்க முடியவில்லை. கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ருக்மணி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. வேப்பிலையைப் பார்த்துவிட்டுப் படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு மருந்தகத்துல நீங்கதானே புள்ள கையப் புடிச்சீங்க. இப்ப பாருங்க, பழுத்துப்போச்சு. பயமா இருக்கு. இது ஆத்தாவா? சூயாக்குக்கு எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன், போலாமா?"

சிவகாமிக்கு ஊர் மருந்தகத்தில் வேலை. அம்மை குத்தும் நாட்களில் பிள்ளைகள் திமிராமல் கையைப் பிடித்துக்கொள்வது அவள்தான். கை பழுத்ததும் ஆத்தா வந்துவிட்டாள் என்று அலறிக்கொண்டு ஓடிவரும் தாய்மார்களிடம், இது அம்மன் இல்லை, குத்தின இடம் பழுக்கிறது, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறவளும் அவள்தான். அவள் பேச்சைக் கேட்டு வேப்பிலையைக் கழற்றிப் போட்ட வீடுகள் சுரினாமில் எத்தனையோ.

தனலட்சுமி எல்லா வாதத்தையும் எடுத்திருந்தாள், அம்மாவே ஊருக்குச் சொல்கிற இந்த ஒன்றைத் தவிர. அம்மாவைப் பொய்க்காரியாக்கி வாங்குகிற தீர்ப்பு அவளுக்கு வேண்டாம். இப்போதும் பாயில் அசையாமல் கிடந்தாள்.

சிவகாமி குழந்தையின் கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கொப்புளத்தைச் சுற்றி விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒரு பார்வை போதும். ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நோ, நோ. வாக்ஸேன் குத்தினா இப்படித்தான் பழுக்கும். தைரியமா கூட்டிட்டுப் போ."

ருக்மணியின் பார்வை ஒருமுறை பாய்ப் பக்கம் போய்வந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வேலி வரைக்கும் போனவளைச் சிவகாமி திரும்பக் கூப்பிட்டாள். மகள் இருந்த பக்கம் அவள் முகம் திரும்பவில்லை.

"நாகலிங்கம் கடை வழியாத்தானே போற? காலையில காரக் கொண்டு வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."